தணிகாசலத்தின் நாற்பத்தொன்று

குத்துச்சண்டை வாரியத்தின் திரையில் நாற்பத்தொன்று என்ற எண் வந்து நின்றபோது முதலில் விசில் அடித்தவர் வாசலில் கேனோடு நின்றிருந்த டீக்கடைக்காரர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சே வந்தது. தண்டையார்பேட்டையில் பழைய கிடங்கு ஒன்றில் நடந்துவந்த அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் அன்று தெருவே திரண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து தணிகாசலத்தைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆள். அவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வந்தா போதும்னு வேண்டிக்கினு இருந்தேன். நாப்பத்தொண்ணு போட்டுக்கிறாம்பா," என்றார் டீக்கடைக்காரர்.

எல்லாரும் தணிகாசலத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்ததாக ஜெசிந்தாவிடம் வந்தார்கள். அவள்தான் புதுப் பயிற்சியாளர். பட்டப் போட்டியில் சாம்பியன் மிக்கேல் மச்சாதுவிடம் தோற்ற பிறகு தணிகாசலத்தின் எண் பத்தொன்பதாக விழுந்தது. பழைய பயிற்சியாளர் கையை விரித்துவிட்டார். ஜெசிந்தா தன் காலத்தில் நடுத்தர எடையில் ஆடியவள். இரண்டு முறை உடைந்த மூக்கு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. யாரும் தொட விரும்பாத அந்தப் பத்தொன்பதை அவள் எடுத்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் நாற்பத்தொன்று. பாராட்டை ஏற்றுக்கொண்டு சிரித்தாளே தவிர, அவளுக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டு, முப்பது வரை அவள் கணக்குக்கு அடங்கியது. மீதி எங்கிருந்து வந்தது?

இந்த எண் நல்லெண்ணத்தில் பிறந்த ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரே பருவத்தில் மூன்று பேர் ரிங்கிலேயே இறந்தார்கள். மூவரும் தங்களுக்குச் சற்றும் ஈடில்லாத ஆளோடு மோதவிடப்பட்டவர்கள். ஊர் கொதித்தது. வாரியம் அதற்குப் பிறகு ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பல்லாயிரம் பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தேறிய இயந்திரம். நெற்றியில் ஒரு பட்டை, பல்காப்பில் ஒரு சில்லு, கையுறைக்குள் இரண்டு; இவற்றை மாட்டிக்கொண்டு அரை நாள் ஆடிக் காட்டினால், இன்னாரோடு மோதினால் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடும். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் போட்டிக்கு அனுமதி இல்லை. அது வந்த பிறகு ரிங்கில் யாரும் இறக்கவில்லை. ஆகவே அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வாரியத்திலிருந்து வந்த பொறியாளர் பிரகதீஷ் கருவிகளைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல மாதிரி. ஒவ்வொரு முறையும் கெட்ட எண்ணைச் சொல்லும்போது தானே தோற்றவன்போல முகத்தை வைத்துக்கொள்வான். ஜெசிந்தா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, எதுல ஏறிச்சுன்னு பாத்து சொல்ல முடியுமா?"

"சொல்லலாம் மேடம். காலசைவு கொஞ்சம், மூச்சு கொஞ்சம். ஆனா பெரிய ஏத்தம் கண்ணுல."

"கண்ணுலயா?"

"கண் சிமிட்டல். அடி வரும்போது எல்லாரும் சிமிட்டுவோம் இல்லையா? அந்த நேரம் நமக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த அடி அங்கதான் விழும். பெரிய சாம்பியன்களைப் பாத்தீங்கன்னா சிமிட்டல் ரொம்பக் குறைவு. இயந்திரம் அதுக்கு நிறைய மார்க் குடுக்கும்." அவன் குரலில் மரியாதை கூடியது. "இவருக்கு இப்போ கிட்டத்தட்ட இல்லவே இல்ல மேடம். நான் இப்படிப் பாத்ததில்ல. என்ன பயிற்சி குடுத்தீங்க?"

 எல்லாக் கூடத்திலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். காலையில் வரிசையாக நிறுத்தி முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்குவது. சிமிட்டியவன் தண்டால் எடுப்பது. இந்தத் தொழிலில் எந்த ஊர்க் கூடத்திலும் ஒருவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதென்றால், 'அவன் கண்ணு சிமிட்டமாட்டான்' என்பார்கள். அதற்கு மேல் பட்டம் கிடையாது. தணிகாசலம் தண்டால் எடுத்து எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அப்போதெல்லாம் அவளும் சந்தோஷப்பட்டுத்தான் இருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெசிந்தாவுக்குத் தணிகாசலம் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி அம்சவேணி மாநகரப் பேருந்தில் நடத்துநர். வாரம் முழுக்கக் கூட்டத்தில் கத்திக் கத்தி அவள் குரல் எப்போதும் கொஞ்சம் கம்மியிருக்கும். அன்று அடுப்படியில் மீன் வறுபட, குழம்புக்குத் தாளிக்கும் பொறுப்பைத் தணிகாசலம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளி நில்லு, எண்ணெ காஞ்சிருக்குது," என்றாள் அம்சா.

"எல்லாம் எனக்குத் தெரியும்," என்று கடுகை அள்ளிப் போட்டான்.

கடுகு படபடவென்று வெடித்தது. கூடவே ஈரமான கறிவேப்பிலையையும் போட்டான். எண்ணெய் எகிறி அவன் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தெறித்தது. ஜெசிந்தா வாசற்படியில் இருந்தபடியே முகத்தைச் சுளித்தாள். அவன் முகம் அசையவில்லை. இமை மூடவில்லை. ஒரு கணம் கழித்துத்தான், "ஸ்..." என்று கையால் துடைத்துக்கொண்டான்.

"பாருக்கா," என்றாள் அம்சா, பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாக. "செல மாதிரி நிக்கிறாரு. போன வாரம் கட்டடத்து மண்ணு காத்துல அடிச்சிச்சி. நா கண்ண மூடிக்கினேன். இவரு பப்பரப்பான்னு தொறந்துவெச்சிக்கினு நிக்கிறாரு. ரெண்டு நாளு கண்ணு செவந்து கெடந்துச்சி."

"சாம்பியன் கண்ணுடி அது," என்றான் அவன்.

"சாம்பியன் கண்ணுல மண்ணு வுழாதா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வேறு ஏதோ பேசியபடியே, அவன் முகத்துக்கு வெகு அருகில் சட்டென்று கையை வீசினாள். இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை. சோற்றை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, வூட்லயும் பிராக்டீஸா?"

மறுநாள் அவள் டாக்டர் நசீமாவைப் போய்ப் பார்த்தாள். போட்டிகளில் ரிங் ஓரம் உட்கார்ந்து பழகியவர். இப்போது வீட்டோடு ஒரு சிறிய மருத்துவமனை நடத்துகிறார். ஜெசிந்தாவின் மூக்கை இரண்டாவது முறை நிமிர்த்தியவர் அவர்தான். யார் பெயரையும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"பயிற்சி குடுத்துக் கொறைக்கலாம், ஜெசி. கொறைக்கலாம், அழிக்க முடியாது," என்றார் நசீமா. "சிமிட்டுறது தைரியத்துல சேந்தது இல்ல. பொறந்த கொழந்தைக்கும் உண்டு. மூளைக்கு அடியில இருக்கற வயரிங் அது. தூசிக்குக்கூட மூடலேன்னா, அங்க ஏதோ அறுந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"ஆனா ஆட்டம் நல்லாருக்குது டாக்டர். முன்னவிட நல்லாருக்குது."

"இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் ஒரு சாதாரண அடி. நாம தினம் பாக்கற அடி. அதுல விழுவான். எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் போகலாம். ஸ்கேன் எடுக்காம இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. கூட்டிட்டு வா. வந்தா எழுதித் தர்றேன். அவன் மறுபடி ரிங்குல ஏற முடியாது."

"வரமாட்டேன்னா?"

"வராதவனுக்கு நான் எப்படி வைத்தியம் பாக்கறது?"

*

எண்ணூர் கடற்கரைச் சாலையில் காலை ஓட்டம் முடிந்து, அலையைத் தடுக்கப் போட்ட பாறைகளின் மேல் உட்கார்ந்திருந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தணிகாசலம் குறுக்கே பேசாமல் கேட்டான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த நாப்பத்தொண்ணு பொய்யா?"

"பொய் இல்ல. அதாண்டா தொல்ல."

"அப்ப நா ஜெயிக்கலாம்."

"ஜெயிக்கலாம். கண்ண மூடாதவன் ஜெயிக்கிறான்னு அதுக்குத் தெரியும். ஏன் மூடலன்னு அதுக்கு இன்னா கவல? யார் ஜெயிப்பான்னு கேட்டோம், சொல்லுது. ஆடி முடிச்சிட்டு வூட்டுக்குப் போறப்ப உன்கிட்ட இன்னா மிச்சம் இருக்கும்னு அத்த யாரும் கேக்கல."

அவன் கடலைப் பார்த்தான். தொலைவில் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்றன. அவனும் துறைமுகத்தில்தான் வேலை. கன்டெய்னர் லாரிகளை வரிசைப்படுத்துவது.

"பத்தொம்போதுன்னு வந்தப்ப உனக்கு என்னத் தெரியாதுக்கா. டிவில போட்டான், பேப்பர்ல போட்டான். வேலைக்குப் போனா, லாரிக்காரன் 'யோவ் பத்தொம்போது, வண்டிய வுடுய்யா'ன்றான். அம்சா பஸ்ல ஒரு கெழவி கேட்டுச்சாம், 'இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு பத்தொம்போதுதானாமே'ன்னு. டிக்கெட் கிழிச்சிக் குடுத்துட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கி அழுதாளாம். பேர் போயி நம்பர் ஆயிட்டேன். தோத்ததுகூட அவ்ளோ நோவல."

"இப்பதான் நாப்பத்தொண்ணு ஆயிட்டியே."

"அதான் சொல்றேன். இப்ப வுட்டா, பயந்து ஓடனான்னு சொல்வாங்க. ஸ்கேனு, டாக்டருன்னு சொன்னா எவன் நம்புவான்? நம்பரு ஏறிக்கினே போவுது, இவனுக்கு இன்னா நோயின்னுதான் கேப்பான்."

 வாரியத்தில் போய்ச் சொன்னாலும் அதையேதான் கேட்பார்கள்.

"கோவத்துல சொல்லல," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "உனக்கு மனசு ஒப்பலன்னா வுட்ருக்கா. பெரம்பூர்ல ரெண்டு பேர் என்னக் கேட்டுக்கினே கீறாங்க. நா ஆடத்தான் போறேன்."

அவள் விடவில்லை. விட்டால் அவன் பக்கத்தில் இதைத் தெரிந்த ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். அடுத்த வாரங்களில் அவள் பயிற்சியை மாற்றினாள். முகத்தில் விழும் பயிற்சி அடிகளை நிறுத்தினாள். தலையைத் தாழ்த்தவும் கையை உயர்த்தி வைக்கவும் மட்டுமே சொல்லிக்கொடுத்தாள். மூடாத இமைக்குப் பதிலாக இரண்டு முழங்கைகள். தணிகாசலம் சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்கக் கேட்க இன்னும் நன்றாக ஆடினான். அவளுக்கு ஒவ்வொரு நாளும் பெருமையும் பயமும் சேர்ந்தே வந்தன.

*

போட்டி நாளில் பெரியமேட்டு அரங்கம் மாலையிலேயே நிரம்பிவிட்டது. நாற்பத்தொன்றும் ஐம்பத்தொன்பதும் என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். இவ்வளவு சமமான பட்டப் போட்டி பல வருடங்களில் நடந்ததில்லை என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாரியத்தின் மருத்துவர் வந்து தணிகாசலத்தின் நாடியைப் பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார். கண்பாப்பா சரியாகவே சுருங்கியது. அவ்வளவுதான் சோதனை, மற்றதையெல்லாம் எண் பார்த்துக்கொள்ளும்.

கை கட்டும் நேரம் வந்தது. இந்த ஆட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கையுறை மாட்டுமுன் வீரனின் கையில் துணியையும் டேப்பையும் சுற்றிக் கட்டும்போது எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். துணிக்குள் எதையாவது மறைக்கவில்லை, விரல் முட்டியின் மேல் டேப் ஏறவில்லை என்று பார்த்து, கட்டின் மேலேயே பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். முட்டியின் மேல் டேப் அடுக்கடுக்காக ஏறினால் கை கல்லாகிவிடும். மிக்கேல் தரப்பிலிருந்து ஒருவர் தணிகாசலத்தின் அறைக்கு வந்தார். ஜெசிந்தா மிக்கேலின் அறைக்குப் போனாள்.

மிக்கேல் மச்சாது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின் மேல் வலது கையை நீட்டி உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடிக்காரன், தணிகாசலத்தைவிட உயரம். காதில் பெரிய ஹெட்போன் வைத்துப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். அவன் பயிற்சியாளர் மொய்தீன் பாய் கட்டிக்கொண்டிருந்தார். கை கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று தெற்கிலிருந்து வடக்கு வரை சொல்வார்கள். வாரிய அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு என்று செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

துணி முடிந்து டேப் ஆரம்பமானது. மணிக்கட்டில் சுற்றி, புறங்கையில் ஏறி, முட்டியின் மேல் போயிற்று. தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள் ஜெசிந்தா. டேப் மறுபடியும் முட்டியின் மேல் போயிற்று.

"பாய், முட்டி மேல போவுது."

அவர் காதில் விழாதவர்போல மூன்றாவது சுற்றும் சுற்றினார். நேற்று சேர்ந்தவன்கூடச் செய்யாத தவறு.  இவ்வளவு பெயர் வாங்கிய மனிதர், கண்ணெதிரிலேயே!

அந்த நேரத்தில் ஒரு புகைப்படக்காரர் உள்ளே புகுந்து, குனிந்து, மிக்கேலின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தார். ஜெசிந்தாவுக்குக் கண் கூசி மூடிக்கொண்டது. அதிகாரி கையால் மறைத்துக்கொண்டார். மறுபடி ஒரு வெளிச்சம். இந்த முறை அவள் மிக்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்குத் தலை ஆடியது. இமை ஆடவில்லை.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று அதிகாரி புகைப்படக்காரரை நடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மொய்தீன் பாய் நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"பாத்துட்டீயளா?"

"டேப்பயா, கண்ணயா?"

"ரெண்டயுந்தான்." குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. மிக்கேலின் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பலேந்து பாய்?"

"போன ஆட்டத்துக்குப் பொறவு. ஆறாவது ரவுண்டுல ஒங்க ஆளு எடது கையால காதுக்கு மேல வச்சாம்லா, அதுலேருந்து. போர்டுல போயிச் சொன்னேன். அம்பத்தொம்பது இருக்கே பாய், ஒமக்கு என்ன பயம்னு கேக்காங்க. இவன்ட்ட சொன்னா சிரிக்கான். சாம்பியனுக்குக் கண்ணு எதுக்கு சிமிட்டணும்னு எனக்கே பாடம் நடத்துதான்."

"இப்டி கட்டுனா இன்னா ஆவும்னு தெரியும்ல?"

"என் லைசென்ஸ் போவும். இவன் பட்டம் போவும். நாளைக்கி என்ன வெட்ட வருவான்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "உசுரோட வருவாம்லா."

ஜெசிந்தா கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "எங்க ஆளும் அப்டித்தான் பாய்," என்றாள். "தூசிக்குக்கூட மூடறதில்ல."

அவர் கை நின்றது. "அல்லா," என்றார். பிறகு, "அப்ப அந்த மிஷினு..."

"ரெண்டு பேரும் சமம்னு சொல்லுது. சரியாத்தான் சொல்லுது."

அதிகாரி திரும்பி வந்தார். ஜெசிந்தா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தாள். "சார், நா கையெழுத்துப் போடமாட்டேன். கட்டப் பாருங்க."

அவர் பார்த்தார், விரலால் அழுத்தினார், மொய்தீன் பாயை நம்பமுடியாமல் பார்த்தார். மிக்கேல் ஹெட்போனைக் கழற்றி, "என்ன பாய், என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டான். பாய் அவன் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தேடினார்.

"விதி உங்களுக்கே தெரியும்," என்றார் அதிகாரி. "பட்டம் எதிராளிக்குப் போகும். எதிராளி மன்னிச்சா மட்டும் அவிழ்த்துட்டு மறுபடி கட்டி ஆடலாம். அவர் வாயால சொல்லணும்."

ஜெசிந்தா கதவை நோக்கி நடந்தபோது மொய்தீன் பாய் பின்னாலிருந்து, "ஒங்க கையிலதான் இருக்கு தங்கச்சி," என்றார்.

"என் கையில ஒண்ணும் இல்ல பாய்," என்றாள்.

*

தணிகாசலம் ஆயத்தமாக இருந்தான். கைக்கட்டின் மேல் கையெழுத்துகூட ஆகிவிட்டது. வியர்வை அரும்ப நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். அதிகாரி சொன்னதைக் கேட்டதும் குதிப்பது நின்றது.

"புதுசா கட்டச் சொல்லு சார். ரூம்புல குடுக்கற பெல்ட்டு எனக்கு வோணாம். ரிங்குல வாங்கிக்கறேன்."

"ஒரு நிமிசம் சார்," என்றாள் ஜெசிந்தா. அதிகாரி வாசல்வரை தள்ளிப் போய் நின்றார்.

"அக்கா, மறுபடி என் கண்ணப் பத்திப் பேசாத. பேசி முடிச்சாச்சி."

"உன் கண்ணு இல்ல. அவன் கண்ணு."

அவள் பார்த்ததைச் சொன்னாள். புகைப்படக்காரரின் வெளிச்சம், ஆடாத இமை, பாய் வேண்டுமென்றே சுற்றிய டேப். தணிகாசலம் பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது.

"எந்த ரவுண்டுன்னாரு?"

"ஆறாவது. உன் எடது கை."

"அது நல்ல அடிக்கா," என்றான். "அந்த மேட்ச்ல நா வெச்ச ஒரே நல்ல அடி. இத்தினி மாசமா காலைல எழுந்திருக்கறப்ப அத்த நெனச்சிக்கினுதான் எழுந்தேன்." கட்டிய இடது கையைத் திருப்பிப் பார்த்தான். "அவனுக்குத் தெரியுமா?"

"பாய் சொன்னா சிரிக்கிறானாம்."

"நானும் சிரிச்சேன்ல?"

 வெளியே கூட்டம் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்திருந்தது. சுவரே லேசாக அதிர்ந்தது.

"நா அடி வாங்கினா அது என் பாடு," என்றான் தணிகாசலம் மெதுவாக. "அவன எப்டி அடிக்கறது? அதே எடத்துலதான என் கை போவும். நீதான் சொல்லிக் குடுத்துக்கிற, எடது கை தானா போற மாதிரி."

"ஆமா."

"இப்ப ஆடலன்னு சொன்னா, ஜனம் இன்னா சொல்லும் தெரியுமா? முட்டில டேப்ப காரணம் காட்டி பெல்ட்ட ஆட்டய போட்டான்னு சொல்லும். பத்தொம்போதே தேவலான்னு ஆயிடும்."

"ஆவும்," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அதிகாரி திரும்பினார். அவர் மார்பில் குத்தியிருந்த ஒலிவாங்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்வது பதிவாக வேண்டும்.

"மன்னிச்சி ஆடறீங்களா?"

"இல்ல சார். ஆடல."

"காரணம் ஏதாவது?"

"டேப்பு," என்றான் தணிகாசலம். "முட்டி மேல டேப்பு."

அதிகாரி போன பிறகு, ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்து அவன் கட்டை அறுக்க ஆரம்பித்தாள். அவன் குனிந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழம அந்த டாக்டரம்மாகிட்ட போலாம். பெல்ட்டயும் அப்டியே போர்டுல திருப்பிக் குடுத்துட்டு வந்துரலாம்," என்றான். பிறகு, "அவனையும் கூட்டினு போலாமா?"

"வருவானா தெர்ல."

"பாயாண்ட நீ கேளு. நா கேட்டா குத்துவான்."

முடிவை அரங்கத்தில் அறிவித்தார்கள். அடுத்த கணம் கூரை பெயர்வதுபோல் ஓலம் எழுந்தது. பட்டம் ரிங்கில் வைத்துத்தான் கொடுக்கப்பட வேண்டும் என்பது விதி. காவலர்கள் இரண்டு பக்கமும் கை கோத்து வழி செய்ய, சட்டையோடும் வெறுங்கையோடும் தணிகாசலம் மேடை ஏறினான். ஜெசிந்தா கூடவே ஏறினாள். முன்வரிசையில் அம்சா எழுந்து நின்று, என்ன நடந்தது என்று கையால் கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

பெல்ட்டை இடுப்பில் மாட்டினார்கள். "பொட்ட" என்று யாரோ கத்தினார்கள். "டேப்பு சாம்பியன்" என்று ஒரு பக்கம் கோஷமாகவே ஆரம்பித்தது. முதலில் காகிதக் கப்புகள் பறந்து வந்தன, பிறகு தண்ணீர் பாக்கெட்டுகள். ஒன்று அவன் நெற்றியில் பட்டு உடைந்து முகமெல்லாம் வழிந்தது. திரைகளில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது. தண்ணீர் இமை முடிகளில் தொங்கிச் சொட்ட, கண்கள் அகலத் திறந்தபடியே இருந்தன.

"பாருங்க நேயர்களே," என்றார் வர்ணனையாளர், கூச்சலுக்கு மேலே. "இவ்வளவு எதிர்ப்பு. கண்ணு சிமிட்டல பாருங்க மனுஷன். என்ன இருந்தாலும் நெஞ்சுரம் வேணும் சார் அதுக்கு."

ஜெசிந்தா ஒரு அடி முன்னால் வந்து, தன் உள்ளங்கையை விரித்து அவன் கண்களுக்கு எதிரே பிடித்தாள்.

"இன்னாக்கா மறைக்கிற? அம்சாவப் பாக்க வேணாமா?"

"சும்மா நில்லுடா," என்றாள்.

அடுத்த பாக்கெட் அவள் புறங்கையில் வந்து வெடித்தது.